பயிற்றுநர் எப்போது சொல்லிக்கொடுக்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும்?

வாசகர் கேள்வி:

ஏழு பேர் கொண்ட மென்பொருள் டீம் ஒன்றில் ஸ்க்ரம் மாஸ்டராகவும் (ஸ்க்ரம் என்ற வேலைமுறையில் டீமுக்குத் துணைநிற்பவர்) பயிற்றுநராகவும் இருக்கிறேன். ஒன்றரை வருடம் முன்பு நான் வந்தபோது ஸ்பிரிண்ட், அதாவது கால அளவு வைத்த குறுகிய வேலைச் சுற்று, என்றால் என்ன என்றே அவர்களுக்குத் தெரியாது. வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது, மதிப்பிடுவது, ரெட்ரோ (ஸ்பிரிண்ட் முடிந்ததும் வேலை எப்படிப் போனது என்று திரும்பிப் பார்க்கும் கூட்டம்) நடத்துவது எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் ஒரு கோச்சிங் பயிற்சிக்குப் போனேன். 'பதில் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள், விடை அவர்களிடமே இருக்கிறது' என்று அங்கே கற்றுத்தந்தார்கள். ஆறு மாதமாக அப்படித்தான் நடந்துகொள்கிறேன். தொடக்கத்தில் நன்றாகவே போனது. மூன்று மாதம் முன்பு இரண்டு பேர் விலகி, புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். வேறொரு டீம் பார்த்துவந்த பழைய பில்லிங் சிஸ்டமும் எங்கள் கைக்கு வந்தது. இப்போது ரெட்ரோவில் யாரும் வாய் திறப்பதில்லை. போன வாரம் புதிதாக வந்தவர் எல்லார் முன்னாலும், 'உங்களுக்குத் தெரிந்தால் சொல்லிவிடுங்களேன், ஏன் திரும்பத் திரும்ப எங்களையே கேட்கிறீர்கள்?' என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது. இதற்கு நடுவே மேலாளர், 'டீம்தான் பழகிவிட்டதே, இனி உங்களுக்கு என்ன வேலை?' என்கிறார். பழையபடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கட்டுமா? ஒன்றரை வருட டீமுக்கு அது பின்னால் போவதாகாதா? இல்லை, விலகிக்கொள்வதுதான் சரியா?

பதில்:

முதலில் அந்தப் புதியவரைப் பற்றிப் பேசுவோம். அவர் உங்களை அவமதித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் முகம் வாடியதை எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'எனக்கு இது தெரியவில்லை, கற்றுக்கொடுங்கள்' என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். மூன்று மாதமாக மற்றவர்கள் மௌனத்தால் சொன்னதை அவர் வாய்விட்டுச் சொன்னார். இந்த நேரத்தில் உங்கள் டீமில் உங்களுக்கு அதிகம் உதவி செய்தவர் அவர்தான்.

'விடை அவர்களிடமே இருக்கிறது' என்ற பாடத்தில் தவறில்லை. ஆனால் அது ஒரு நிபந்தனையோடு சேர்ந்த உண்மை. விடைக்குத் தேவையான பொருள்கள் அவர்கள் கையில் இருக்கும்போது, நல்ல கேள்வி அவற்றைச் சேர்த்துவைக்கும். கையில் ஒன்றுமே இல்லாதபோது அதே கேள்வி ஆளைச் சோதிப்பதுபோல் ஆகிவிடும். கேட்கப்படுபவருக்குத் தன் அறியாமை எல்லார் முன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டப்படுவதாகத் தோன்றும். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை வாயை மூடிக்கொள்வார்.

இதை நான் கண்ணால் பார்த்த ஒரு இரவு உண்டு. ஒரு ரிலீஸ், அதாவது மென்பொருளின் புதுப் பதிப்பை வெளியிடும் வேலை. டேட்டாபேஸ் மாற்றம் பாதியில் நின்றுவிட்டது. பாதி டேபிள்கள் புது வடிவத்தில், பாதி பழைய வடிவத்தில். பொறுப்பில் இருந்த இளைஞர் என்னைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, 'உங்களுக்கு என்னென்ன வழிகள் தெரிகின்றன?' என்று கேட்டேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் என் பக்கம் திரும்பி, 'ஒரு வழியும் தெரியாததால்தான் உங்களைக் கூப்பிட்டேன்' என்றார். அந்த மாற்றத்தை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியும். முன்பு இரண்டு முறை செய்திருக்கிறேன். ஆனாலும் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டுத்தான் வழியைச் சொன்னேன். வேலை முடிந்தது. ஆனால் அந்த இருபது நிமிடங்களில் அவர் முகத்தில் இருந்த பயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வீடு பற்றி எரியும்போது தண்ணீர் வாளியைத்தான் நீட்ட வேண்டும். தீ எப்படிப் பிடித்தது என்ற பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் அவரோடு உட்கார்ந்து முழுவதையும் மறுபடி ஓட்டிப் பார்த்தோம். அப்போது நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது.

ஆகவே, 'சொல்லிக்கொடுப்பது கீழ்ப்படி, கேள்வி கேட்பது மேல்படி' என்று ஒரு ஏணி உங்கள் மனதில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே தொழிலின் இரண்டு கைகள்.

1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளிடம் ஒன்றோடொன்று பொருந்தும் மரக்கட்டைகளைக் கொடுத்து ஒரு பிரமிடு கட்டச் சொன்னார்கள். சொல்லித்தருபவர் ஒருவரே. ஆனால் அவர் செய்த வேலை வயதுக்கு வயது மாறியது. மூன்று வயதுக் குழந்தையைக் கட்டைகள் பக்கம் ஈர்த்து, செய்து காட்டுவதே பெரும்பாடாக இருந்தது. நான்கு வயதுக் குழந்தைக்கு வாயால் சொன்னாலே போதும், எங்கே தப்பு என்று சுட்டினால் திருத்திக்கொண்டது. ஐந்து வயதுக் குழந்தை தானே கட்டியது. கட்டியது சரிதானா என்று உறுதி செய்துகொள்ளவே அவரை எதிர்பார்த்தது. கட்டடம் எழும்பும்வரை நின்று, எழும்பியதும் பிரிக்கப்படும் சாரம் போன்ற உதவி இது. அந்த உவமையையே அவர்கள் அந்தக் கட்டுரையில் பயன்படுத்தினார்கள்.

உங்கள் டீமிடம் இந்த மூன்று வயதுகளும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. நீங்கள் தவறவிட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஸ்பிரிண்ட் திட்டமிடுவதில் பழைய ஐந்து பேருக்கு உங்கள் உதவி தேவையே இல்லாமல் இருக்கலாம். பில்லிங் சிஸ்டத்தில் ஏழு பேருமே புதியவர்கள். ஒருவரோடொருவர் மனம் திறந்து பேசுவதில், இரண்டு பேர் மாறியதால், டீம் பாதி புதியது. 'ஒன்றரை வருட டீம்' என்று நீங்கள் சொல்வது உங்கள் காலண்டர். அந்த இருவருக்கு இது மூன்று மாத டீம்.

'உருவாதல், மோதல், இசைதல், செயல்படுதல்' என்று புரூஸ் டக்மன் 1965-இல் சொன்ன, ஒரு குழு வளரும் கட்டங்கள் உங்கள் பயிற்சியிலும் வந்திருக்கும். அவர் அவற்றைத் தொகுத்தது அதுவரை வெளிவந்த சுமார் ஐம்பது ஆய்வுகளிலிருந்து. அவற்றில் பெரும்பாலானவை மனநல சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. ஒரு மென்பொருள் டீம் நான்காம் கட்டத்துக்கு வந்ததும் பயிற்றுநர் மூட்டையைக் கட்டலாம் என்று அதில் எங்கும் இல்லை. ஆள் மாறினாலோ வேலை மாறினாலோ டீம் சில விஷயங்களில் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். அது வீழ்ச்சியில்லை.

சரி, இப்போது அந்த மௌனத்துக்கு வருவோம். ஒரு டீம் வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் எப்போதும் ஒன்றே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா மௌனமும் ஒன்றுபோலவே இருக்கும், அதுதான் சிக்கல். தெரியாததால் பேசாமல் இருக்கலாம். தெரிந்தும் பயத்தால் பேசாமல் இருக்கலாம். பேசிப் பயனில்லை, முடிவெடுக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை என்று சலித்துப்போய் இருக்கலாம். தங்களுக்குள் ஒத்துப்போகாத ஏதோ ஒன்றை எல்லாரும் சுற்றிப் போய்க்கொண்டும் இருக்கலாம். முதலாவதற்கு ஆசிரியர் வேண்டும். மூன்றாவதற்கு, டீமுக்கு வெளியே போய் யாரிடமாவது பேசித் தடையை அகற்றுகிறவர் வேண்டும். நான்காவதற்கு, எந்தப் பக்கமும் சாயாமல் உரையாடலை நடத்திக்கொடுப்பவர் வேண்டும். இந்த மூன்றையும் ஓரளவு எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவதுதான் கடினம், அதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். பயம் உள்ள டீம் பெரும்பாலும் நல்ல டீம்போலத் தெரியும். சண்டை இருக்காது, தவறுகள் பேச்சில் வராது, கூட்டங்கள் சீக்கிரம் முடியும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகளின் எண்ணிக்கை அதிகம். அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் தவறைப் பயமில்லாமல் சொன்னார்கள், அதனால் பதிவில் ஏறியது என்ற விளக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். இது தொண்ணூறுகளில் நடந்தது. இதன் தொடர்ச்சியாக, டீமுக்குள் இருக்கும் உளவியல் பாதுகாப்பு (மனதில் பட்டதைச் சொன்னால் அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை) பற்றிய அவருடைய கட்டுரை 1999-இல் வந்தது. ஒரு டீமின் மௌனத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

உங்கள் டீமுக்கு இது பொருந்துமா? பொருந்தலாம் என்று சந்தேகப்படுகிறேன். பில்லிங் என்பது பணம் சம்பந்தப்பட்டது. ஒரு வரி தவறினால் வாடிக்கையாளருக்கு இரண்டு முறை கட்டணம் போய்விடும். அப்படிப்பட்ட சிஸ்டத்தைத் தொட எல்லாருக்கும் கை நடுங்கும். அதைத் தலைமுறை தலைமுறையாக யார் யாரோ எழுதியிருப்பார்கள். அந்த நடுக்கத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம், 'எப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டால், தவறான பதில் சொல்லிவிடுவோமோ என்ற இரண்டாவது பயமும் சேர்ந்துகொள்ளும்.

ஊகத்தை விட்டுவிட்டு நேரில் போய்ப் பாருங்கள். ஏழு பேரையும் தனித்தனியே, ஆளுக்குக் கால் மணி நேரம் சந்தியுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: 'நாளைக்கு பில்லிங்கில் ஒரு சின்ன மாற்றத்தை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டும் என்றால் எந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்?' கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். 'வரி கணக்கிடும் பகுதி எங்கே இருக்கிறதென்றே தெரியாது' என்று சட்டென்று குறிப்பாகச் சொன்னால், அது அறிவுப் பற்றாக்குறை. 'அது ஒன்றும் கஷ்டமில்லை, ஆனா...' என்று இழுத்தால் அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வேறொன்று நிற்கிறது. யாரோ கண்டித்திருக்கலாம், பழைய உறுப்பினர் ஒருவர் புதியவரின் யோசனையைத் தட்டிக்கழித்திருக்கலாம். 'செய்துவிடுவேன், ஆனால் டெஸ்ட் சர்வரில் அனுமதி கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்' என்றால், அங்கே உங்கள் வேலை டீமோடு இல்லவே இல்லை. உடனே எழுந்துபோய் அந்த அனுமதியை வாங்கிக்கொடுங்கள்.

அறிவுப் பற்றாக்குறைதான் என்று தெரிந்தால் தயங்காமல் சொல்லிக்கொடுங்கள். பழைய சிஸ்டத்தைத் தொடுவதற்கு முன், அது இன்று எப்படி நடந்துகொள்கிறதோ அதை அப்படியே பிடித்துவைக்கும் டெஸ்ட்களை (மென்பொருளை ஓட்டிச் சரிபார்க்கும் சிறு நிரல்கள்) எழுதிக்கொள்வது ஒரு நல்ல வழி. அது சரியாக நடக்கிறதா தவறாக நடக்கிறதா என்ற கேள்வியை அப்போது எழுப்ப வேண்டாம். நடப்பதைப் பதிவு செய்தால் போதும். பிறகு ஒரு மாற்றம் செய்யும்போது எது அசைந்தது என்று உடனே தெரிந்துவிடும். கை நடுக்கமும் பெருமளவு குறையும். இதை ஒரு ஸ்லைடில் போட்டு விளக்காதீர்கள். ஒரு சின்ன மாற்றத்தை எடுத்து, பெரிய திரையில், எல்லாரும் பார்க்க நீங்கள் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். இரண்டாவதைப் புதியவர் எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். மூன்றாவதை அவர்கள் எழுதட்டும், நீங்கள் வாசித்துப் பார்த்தால் போதும். உங்களுக்கே பில்லிங் தெரியாது என்றால், முன்பு அதைப் பார்த்துவந்த டீமிலிருந்து ஒருவரை இரண்டு ஸ்பிரிண்ட்டுக்கு வாரத்தில் சில மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தெரிந்தவரைக் கொண்டுவந்து சேர்ப்பதும் பயிற்றுநரின் வேலைதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நீங்கள் இடம் மாறும்போது அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆறு மாதம் கேள்வி மட்டுமே கேட்டவர் திடீரென்று உத்தரவுபோலப் பேசினால், தங்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது என்றுதான் டீம் எடுத்துக்கொள்ளும். 'பில்லிங்கில் அடுத்த இரண்டு ஸ்பிரிண்ட்டும் நான் சொல்லிக்கொடுப்பேன், செய்து காட்டுவேன். திட்டமிடுதல் உங்களுடையது, அதில் நான் தலையிட மாட்டேன். இரண்டு ஸ்பிரிண்ட் கழித்து இது போதுமா என்று நீங்களே சொல்லுங்கள்.' இவ்வளவுதான். எதில் உள்ளே வருகிறேன், எதில் வெளியே நிற்கிறேன், எதுவரை என்று மூன்றும் அதில் இருக்கின்றன. முடியும் தேதி இல்லாத உதவி மெதுவாக ஊன்றுகோலாகிவிடும்.

ஊன்றுகோல் ஆனதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். நான் பணியாற்றிய ஒரு டீமில் தினமும் காலையில் நின்றபடி நடக்கும் குறுங்கூட்டமான ஸ்டாண்டப்பில் ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். ஒருவர் பேசி முடித்ததும் என் தலையசைப்புக்குக் காத்திருப்பார். அப்புறம்தான் அடுத்தவர் தொடங்குவார். ஒரு நாள் நான் போய் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எதிரில் வேலைகளைக் குறித்துவைக்கும் போர்டு மட்டும் இருந்தது. முதல் இரண்டு நாள் கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினார்கள். நான்காம் நாள் ஒருவர் இன்னொருவரிடம், 'நேற்றும் இதே இடத்தில்தானே நின்றது, உட்கார்ந்து பார்க்கலாமா?' என்று கேட்டார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். சொல்லிக்கொடுக்கும் காலத்தில் அவர்கள் உங்களைப் பார்ப்பது சரி. அது முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தால், நீங்கள் நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

நேரமும் முக்கியம். கானி கெர்சிக் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் எட்டுக் குழுக்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனித்தார். சிலவற்றின் ஆயுள் ஒரு வாரம், சிலவற்றுக்குச் சில மாதங்கள். எல்லாக் குழுக்களும் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட காலத்தின் ஏறக்குறைய பாதியில் பழைய போக்கைக் கைவிட்டுப் புது வழிக்குத் திரும்பின. இதை வைத்து ரிச்சர்ட் ஹேக்மன், ரூத் வேஜ்மன் இருவரும் 2005-இல் ஒரு வாதம் வைத்தார்கள். தொடக்கத்தில் டீமுக்கு வேண்டியது ஒன்றுசேர்ந்து இறங்கும் ஊக்கம், பாதி வழியில் வேண்டியது வேலை செய்யும் முறையைப் பற்றிய ஆலோசனை, முடிவில் வேண்டியது நடந்ததிலிருந்து கற்றுக்கொள்ளும் உதவி என்றார்கள். தப்பான நேரத்தில் கொடுத்தால் நல்ல உதவியும் எடுபடாது. பில்லிங்கை முழுதாகக் கைக்குக் கொண்டுவர எவ்வளவு காலம் என்று மேலாளர் ஒரு கெடு வைத்திருப்பார். அதன் பாதி எந்த வாரம் வருகிறது என்று பாருங்கள். வேலை முறையை மாற்றும் பேச்சை அந்த வாரம் எடுத்தால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

ரெட்ரோவுக்கு ஒரு சின்ன மாற்றம். பேச ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம் எல்லாரும் சீட்டில் எழுதட்டும், பெயர் வேண்டாம். நீங்கள் சேகரித்து வாசியுங்கள். முதல் சீட்டு உங்களுடையதாக இருக்கட்டும்: 'கடந்த மூன்று மாதம் தேவையான நேரத்தில் நான் சொல்லிக்கொடுக்கவில்லை, கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.' உங்கள் பெயரோடு வாசியுங்கள். மற்ற சீட்டுகளின் எழுத்து மாறுவதை அடுத்தடுத்த ரெட்ரோக்களில் பார்ப்பீர்கள்.

மேலாளருக்கு வருவோம். அவர் கேள்வி நியாயமானது, அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பு, டீமின் செயல்திறனுக்கு ஸ்க்ரம் மாஸ்டர் பொறுப்பு என்கிறது. கூட்டங்களை நடத்துவது மட்டுமே வேலை என்று அது சொல்லவில்லை. 'திட்டமிடுதலும் ஸ்டாண்டப்பும் இனி அவர்களே நடத்துவார்கள், நான் விலகுகிறேன். பில்லிங்கில் இன்று ஒரு மாற்றம் செய்யக்கூடியவர்கள் இத்தனை பேர். கெடுவுக்குள் ஏழு பேரும் செய்யும்படி ஆக்குவது என் வேலை' என்று போய்ச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை ஏழு பேரையும் சந்தித்த பிறகு உங்களுக்கே தெரியும். எதிலிருந்து விலகுகிறீர்கள் என்று முதலில் சொல்வதால், எதில் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதை அவர் நம்புவார். முழுதாக விலகும் நாளும் ஒருநாள் வரலாம். ஆனால் புது சிஸ்டமும் புது ஆட்களும் வந்து மூன்றே மாதமான இந்த நேரத்தில் அது வேண்டாம்.

உங்களுக்குக் கேள்வி கேட்பது பிடித்திருக்கிறது என்று புரிகிறது. எனக்கும் பிடிக்கும். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. எதிரில் இருப்பவரால் முடியும் என்று நம்பினால்தான் கேட்கத் தோன்றும். அந்த நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள். ஆனால் நமக்குப் பிடித்த முறை எதுவோ, டீமுக்கும் அதுதான் தேவை என்று நம் மனம் சாதித்துவிடும். சொல்லிக்கொடுப்பதில் சுகம் காண்பவருக்கு டீம் எப்போதும் மாணவனாகவே தெரியும். கேட்பதில் சுகம் காண்பவருக்கு எல்லாரும் விடை தெரிந்தவர்களாகத் தெரிவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குள் போகும் முன்னும் ஒரு நிமிடம் நின்று, 'இந்த வேலையில் இவர்களுக்கு இன்று குறைவது என்ன?' என்று கேட்டுக்கொள்வதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன். சில நாள் பதில், 'ஒன்றுமில்லை' என்று வரும். அன்று ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

நாளைக்கு முதல் வேலையாக அந்தப் புதியவரிடம் போங்கள். 'நீங்கள் சொன்னது சரி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எங்கே தொடங்கலாம்?' என்று கேட்டு, அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். இரண்டு ஸ்பிரிண்ட் கழித்து என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள், காத்திருப்பேன்.